சிக்னல் கணக்குல பாட்டியோட வேகம் என்ன?

இந்த வார எபிசோடுல சான் ஃபிரான்சிஸ்கோவில கார் இல்லாம சுத்துறது பத்திப் பேசினோம். நேரம் பத்தாம விட்டுப்போன விஷயம் ஒண்ணு: ரோட்டைக் கடக்கிற சிக்னலுக்குள்ள இருக்கிற கணக்கு.

எம்பார்கடேரோ நடக்க அருமையான இடம். 1989 நிலநடுக்கத்துல அடிவாங்கின மேம்பாலச் சாலையை 1991-ல இடிக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம்தான் அந்தக் கடலோரம் ஊருக்குத் திரும்பக் கிடைச்சது. ஆனா ஃபெர்ரி பில்டிங்லேர்ந்து எதிர்ப்பக்கம் போகணும்னா பல லேன், நடுவுல டிராம் தண்டவாளம் எல்லாம் தாண்டணும். ஊர்லேர்ந்து வந்திருந்த அம்மா, பாதி வழியில ஆரஞ்சுக் கை மினுக்க ஆரம்பிச்சதும், "திரும்பிடலாமாடா?"ன்னாங்க. தி.நகர்ல இதே அம்மா கையைக் காட்டி பஸ்ஸையே நிறுத்துவாங்க! அங்க நடக்கிறது ஹேண்ட்ஷேக்: டிரைவர் பார்த்தாரு, தலையாட்டினாரு, போகலாம். இங்க வெறும் டைமர்.

அந்த டைமர் எப்படி ஓடுது? முதல்ல நடக்கிற மனுஷன் உருவம், வழக்கமா குறைஞ்சது 7 நொடி. இது நடைபாதையை விட்டு இறங்கறதுக்கான நேரம். அடுத்து மினுக்குற கையும் கவுண்ட்டவுனும். ஏற்கெனவே இறங்கினவங்க கடந்து முடிக்கிறதுக்கான நேரம் அது. அதனால நடுவுல திரும்பவே கூடாது, போயிட்டே இருக்கணும். கவுண்ட்டவுன் பூஜ்யம் ஆனப்புறமும் குறைஞ்சது 3 நொடி பஃபர் உண்டு.

கடக்கிற நேரத்தை, ரோட்டோட அகலத்தை நடை வேகத்தால வகுத்துக் கணக்கு பண்றாங்க. நாடு முழுக்க உள்ள சிக்னல் விதிப்புத்தகத்துல அந்த வேகம் முன்னாடி நொடிக்கு 4 அடி. 2009 பதிப்புல 3.5 ஆக்கினாங்க. வயசானவங்க, மாற்றுத்திறனாளிகள் வழக்கமா கடக்கிற இடத்துல 2.8 அடியைப் பரிசீலிக்கணும்னு கலிஃபோர்னியா பதிப்பு சொல்லுது.

70 அடி ரோடுன்னு வைங்க. 3.5-ன்னா பஃபரையும் சேர்த்து 20 நொடி. முதல் 7 நொடியோட மொத்தம் 27. மூட்டு வலியோட நொடிக்கு 2.5 அடி நடக்கிற உங்க பாட்டிக்குத் தேவை 28. உருவம் வந்த அதே நொடியில இறங்கினாலும், பச்சை விழும்போது அவங்க கடைசி லேன்லதான் இருப்பாங்க. அதே ரோட்டுக்கு 2.8 போட்டா மொத்தம் 32 நொடி. பாட்டி நிதானமாவே ஏறிடலாம். ஒரு கான்ஃபிக் ஃபைல்ல ஒரே ஒரு நம்பர், அவ்வளவுதான் வித்தியாசம்!

2018 ஜனவரியிலேர்ந்து கலிஃபோர்னியாவில, கடந்து முடிக்க நேரம் இருந்தா கவுண்ட்டவுன் ஓடும்போதும் இறங்கலாம். நமக்கு வசதிதான். ஆனா பாட்டியோட போறப்ப வேண்டாம், அடுத்த சுற்றுக்கு நில்லுங்க. நியூ ஜெர்சி, டெக்சாஸ் மக்கள் இந்தச் சட்டம் அங்கயும் இருக்கும்னு நம்பி இறங்கிடாதீங்க.

சில கம்பத்துல, பட்டனை 2 நொடி அமுக்கிப் பிடிச்சா கூடுதல் நேரம் கிடைக்கும்னு சின்னப் பலகை இருக்கும். யாரும் அதைப் படிக்கிறதே இல்ல.

வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கிராசிங் சரியில்லைன்னு தோணுச்சா? ரோட்டை அடியால அளங்க, போன்ல ஸ்டாப்வாட்ச் போடுங்க, வகுத்துப் பாருங்க. 3.5-க்கு மேல வந்தா, ரெண்டு தெருவோட பேரையும் அளவையும் போட்டு 311-ல புகார் கொடுங்க. வெறுமனே "நேரம் பத்தல"ன்னு எழுதறதைவிட, நம்பரோட எழுதின டிக்கெட்டை மூடறது கஷ்டம். வேலையில இருக்கிறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.