கடலுக்குள் ஒரு நீலக் குழி: மாயா நகரங்கள் காலியான கதையை அதன் சேறு சொல்கிறதா?

மத்திய அமெரிக்க நாடான பெலீஸின் கரையிலிருந்து சுமார் 70 கி.மீ. தள்ளி, வெளிர்நீலக் கடலுக்கு நடுவே காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி ஒரு கருநீல வட்டம். இன்ஸ்டாகிராமில் நீங்களும் பார்த்திருக்கலாம். பெயர் கிரேட் ப்ளூ ஹோல். அகலம் 300 மீட்டருக்கும் மேல், ஆழம் சுமார் 125 மீட்டர். ‘மாயா மர்மத்தை அவிழ்த்த குழி’ன்னு இதைப் பற்றி அவ்வப்போது செய்தி வரும். அதில் எவ்வளவு உண்மை?

குழி எப்படி வந்தது?

பனியுகத்தில் ஏராளமான தண்ணீர் நிலத்தின் மேல் பனியாக உறைந்து கிடந்ததால், கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் வரை கீழே இருந்தது. அப்போது இந்த இடம் தரை. மழைநீர் சுண்ணாம்புப் பாறையை அரித்துக் குகையாக்கியது. பிறகு கூரை இடிந்தது, பனி உருகியது, கடல் உள்ளே வந்தது. சாட்சி? குழிக்குள் தொங்கும் சுண்ணாம்பு ஊசிகள். காற்றுள்ள குகையில் நீர் சொட்டுச் சொட்டாக விழுந்தால்தான் அவை வளரும்.

மாயாக்கள் எங்கே வருகிறார்கள்?

குழியின் அடியில் ஆக்சிஜன் இல்லை. சேற்றைக் கிளறும் புழு, நண்டு எதுவும் அங்கே பிழைக்காது. அதனால் வண்டல் அடுக்கு கலையாமல் அப்படியே இருக்கிறது. உள்நாட்டு எரிமலைப் பாறைகளில் டைட்டானியம் உண்டு. நல்ல மழை பெய்தால் ஆறுகள் அதைக் கடலுக்கு அடித்து வரும். மழை குறைந்தால் அதுவும் குறையும். ஆக, சேற்றில் அலுமினியத்தோடு ஒப்பிட்டு டைட்டானியத்தை அளந்தால், அது பழங்கால மழைமானி.

ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே ட்ராக்ஸ்லர் குழுவினர், இந்தக் குழியிலும் பக்கத்துக் காயலிலும் எடுத்த வண்டலை இப்படித்தான் அளந்தார்கள். 2014-இல் வெளியான முடிவு: கி.பி. 800-க்குப் பிறகான ஒரு நூற்றாண்டில் டைட்டானியம் சரிந்திருக்கிறது. 20 ஆண்டுகளுக்கு ஐந்தாறு புயல் வந்த இடத்தில் ஒன்றிரண்டுதான். புயல் குறைந்தால் நல்லதுதானே? இல்லை, புயல்தான் மழையைக் கொண்டு வரும். திக்கல் நகருக்கு ஆறே கிடையாது. மழைநீரைத் தேக்கி வைத்துத்தான் குடித்தார்கள். அங்கே தேதி பொறித்த கடைசிக் கல் கி.பி. 869-ஐச் சேர்ந்தது. கி.பி. 1000 முதல் 1100 வரை இன்னொரு வறட்சி. சிச்சென் இட்சா சரிந்த காலத்தோடு அது பொருந்துகிறது.

ஆனால் ‘பொருந்துகிறது’ என்பதை ‘அதுதான் காரணம்’ என்று படித்துவிடக் கூடாது. நகரங்களுக்கிடையே ஓயாத போர் இருந்தது, காடுகள் அழிந்திருந்தன. வறட்சி இந்தப் பலவீனங்களின் மேல் விழுந்த அடி. அதோடு, ‘மாயா இனமே மறைந்தது’ என்பது சுத்தப் பொய். காலியானது நகரங்கள்தான், மக்கள் அல்ல. மாயா மொழிகள் பேசும் பல லட்சம் பேர் குவாத்தமாலா, மெக்ஸிகோ, பெலீஸில் இன்றும் வாழ்கிறார்கள்.

அந்தச் சேறு இப்போது வேறொன்றும் சொல்கிறது. 30 மீட்டர் நீள வண்டல் மாதிரியை வைத்து 2025-இல் வெளியான ஆய்வு, 5,700 ஆண்டுகளில் 574 புயல் அடுக்குகளை எண்ணியது. வழக்கமான கணக்கு, நூறு ஆண்டுக்கு 4 முதல் 16. கடந்த 20 ஆண்டுகளில் மட்டும் 9.