நுரையீரல் தமனி அழுத்தத்தை எக்கோ கணிப்பது எப்படி?

கையில் பட்டை கட்டி அளப்பது உடல் தமனிகளின் ரத்த அழுத்தத்தை. நுரையீரல் தமனியின் அழுத்தம் தனிக் கணக்கு. நெஞ்சுக்குள் பட்டை கட்ட முடியாது. பிறகு எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) அறிக்கையில் அந்த எண் எப்படி வருகிறது?

துப்பு கொடுப்பது ஒரு சிறு கசிவு. இதயத்தின் வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மூவிதழ் வால்வு இருக்கிறது. கீழறை சுருங்கும்போது அதன் வழியே கொஞ்சம் ரத்தம் பின்னோக்கிப் பீய்ச்சும். ஆரோக்கியமானவர்கள் பலருக்கும் இது உண்டு. கீழறையில் அழுத்தம் கூடினால் பீய்ச்சும் வேகமும் கூடும். டாப்ளர் முறை அந்த வேகத்தை அளக்கிறது.

வேகத்தின் வர்க்கத்தை 4-ஆல் பெருக்க வேண்டும்; பெர்னூலி சமன்பாட்டின் சுருக்கம் இது. வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்றால், 9 × 4 = 36 மி.மீ. பாதரசம்.

இது இரு அறைகளுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. மேலறையின் அழுத்தத்தையும் கூட்ட வேண்டும். அதற்குக் கீழ்ப்பெருஞ்சிரையைப் பார்ப்பார்கள். அதன் விட்டம் 2.1 செ.மீ.க்குள் இருந்து, மூச்சை உள்ளிழுக்கையில் பாதிக்கு மேல் சுருங்கினால் 3 சேர்ப்பார்கள். விரிந்து, சரியாகச் சுருங்காவிட்டால் 15. ஆக, விடை 39 அல்லது 51. நுரையீரல் வால்வில் அடைப்பு இல்லையென்றால், இதயம் சுருங்கும்போது தமனியில் உள்ள அழுத்தமும் ஏறக்குறைய இதுவே.

கசிவு தெளிவாகத் தெரியாவிட்டாலோ, ஒலிக்கற்றை சாய்வாக விழுந்தாலோ எண் குறைவாகக் காட்டும். எனவே எக்கோ எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். நுரையீரல் தமனி உயர் அழுத்தத்தை உறுதிசெய்வது வலது இதயக் கதீட்டர் சோதனைதான்.