சிங்க ராஜாவும் ஆபீஸ் போகும் அப்பாவும்

'குழந்தைகள் படம்' என்று சொல்லிவிட்டால் போதும், நாம் மறுகேள்வி கேட்பதில்லை. பாட்டு இருக்கும், பேசுகிற மிருகங்கள் இருக்கும், சங்கடமான காட்சி எதுவும் வராது என்ற நம்பிக்கை. ஆனால் பெயர் பெற்ற குழந்தைகள் படங்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 1942-இல் வந்த 'பாம்பி'யில் மான்குட்டியின் தாயை வேட்டைக்காரன் சுட்டுவிடுகிறான். 2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ'வில் படம் ஆரம்பித்த சில நிமிஷங்களிலேயே தாய் மீனும், ஒன்றே ஒன்றைத் தவிர அத்தனை முட்டைகளும் போய்விடுகின்றன. 1994-இல் வந்து, 2019-இல் மறுபடியும் எடுக்கப்பட்ட 'லயன் கிங்'கில் மகனின் கண்ணெதிரிலேயே தகப்பன் சாகிறான்.

இப்படிப் படம் எடுப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நாம் குழந்தைகளுக்குச் சொல்லும் பிரகலாதன் கதையில் இல்லாத பயங்கரமா? தணிக்கைச் சான்றிதழிலும் 2024 முதல் 'யு/ஏ' என்பதை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்தக் குழந்தைக்கு எந்த இடத்தில் வயிற்றைப் பிசையும் என்று எந்தச் சான்றிதழும் சொல்லிவிட முடியாது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது டில்லி மயூர் விஹாரில். பேரனுக்கு ஆறு வயது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் 2019-இல் வந்த 'லயன் கிங்'கை வீட்டு டி.வி.யில் இந்தியில் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தியில் முஃபாஸா ராஜாவுக்கு ஷாருக் கானும், மகன் சிம்பாவுக்கு அவருடைய சொந்த மகனும் குரல் கொடுத்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கில் காட்டு மாடுகள் தறிகெட்டு ஓடி வரும். மகனைக் காப்பாற்றிவிட்டுப் பாறையைப் பிடித்துத் தொங்கும் ராஜாவை, சொந்தத் தம்பி ஸ்காரே கீழே தள்ளிவிடுவான். பிறகு குட்டியிடம் வந்து, எல்லாம் உன்னால்தான் என்று சொல்லி ஊரை விட்டே ஓடச் சொல்வான். அந்த இடத்தில் பையன் எழுந்து சமையலறைக்குப் போய் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டான். திரும்பி வரவில்லை. படமும் அதோடு நின்றது.

திங்கட்கிழமை காலையில் ஆரம்பித்தது. அப்பா ஆபீசுக்குக் கிளம்பினால் சட்டையை விடமாட்டான். அழுகை என்றால் அடம்பிடிக்கிற அழுகை இல்லை, சத்தமில்லாத அழுகை. இன்னொரு பக்கம், என்றும் இல்லாத நல்ல பிள்ளையாகிவிட்டான். சொல்லாமலே பால் டம்ளர் காலியாகிறதே என்று மருமகளுக்கு முதலில் சந்தோஷம்தான். ராத்திரி படுக்கும்போது, "பாட்டி, நான் இன்னிக்கு ஒண்ணும் தப்பு பண்ணலையே?" என்று தினமும் கேட்க ஆரம்பித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அவன் அப்பா எஞ்சினீயர். "அது கம்ப்யூட்டர்ல பண்ணின சிங்கம்டா, நிஜ சிங்கமே இல்லை" என்று விளக்கினான். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தெரியும்ப்பா" என்றான். சட்டையை மட்டும் விடவில்லை.

நான் கேள்வி கேட்கவில்லை. சப்பாத்திக்கு மாவு பிசைந்தபோது ஒரு உருண்டையை அவனிடம் கொடுத்து, சிங்கம் பண்ணு என்றேன். பெரிய சிங்கம், குட்டிச் சிங்கம், மிச்ச மாவில் மாடுகள். பண்ணிக்கொண்டே கதையைச் சொன்னான். என்னோடு எப்போதும் தமிழில்தான் பேசுவான். அன்றைக்குக் கதை முழுவதும் இந்தியிலேயே வந்தது. காதில் விழுந்த மொழியில்தானே மனசிலும் தங்கியிருக்கும். முடிவில் சொன்னான்: சிம்பா செய்த தப்பினால்தான் பாபா செத்துப்போனார், சாச்சாவே சொன்னார்.

விஷயம் அங்கேதான் இருந்தது. அவன் பயந்தது மாட்டுக் கூட்டத்துக்கோ சிங்கத்துக்கோ இல்லை. தான் ஏதாவது தப்புப் பண்ணினால் அப்பா வீடு திரும்பமாட்டார் என்று பயந்திருக்கிறான். படத்தின் கடைசியில் ஸ்காரே தன் வாயால் உண்மையை ஒப்புக்கொள்கிறான். சிம்பாமேல் ஒரு தப்பும் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. ஆனால் நம் பையன் பாதியில் எழுந்து போய்விட்டானே! அவனுக்குக் கிடைத்தது பொய் மட்டும் இருந்த பாதி.

மீதிக் கதையை அங்கேயே சொன்னேன். "சாச்சா பொய் சொன்னாரா?" என்று இரண்டு தடவை கேட்டான். ஆமாம், பெரியவர்களும் பொய் சொல்வதுண்டு என்றேன். அடுத்த ஞாயிறு, நல்ல வெளிச்சத்தில், சத்தத்தைக் குறைத்து, ரிமோட்டை அவன் கையிலேயே கொடுத்து, அப்பா மடியில் உட்கார்ந்து கடைசிப் பாகத்தைப் பார்த்தான். மூன்று தடவை நிறுத்தினான். ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் அப்பா போன் பண்ணுவது என்றும் ஏற்பாடாயிற்று. சட்டையை விட மூன்று வாரம் ஆயிற்று. மந்திரம் போட்டாற்போல் ஒரே நாளில் சரியாகவில்லை.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியை ஜோஆன் கேன்டர் பல வருஷங்கள் இந்தப் பயங்களையே ஆராய்ந்தவர். 1998-இல் பெற்றோருக்காக ஒரு புத்தகமும் எழுதினார். மிகச் சிறிய குழந்தைகள் உருவத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. 'ஹல்க்' தொடரில் நல்லவன் பச்சை ராட்சசனாக மாறும் இடத்தில் சின்னஞ்சிறுசுகள் மிரண்டன. அவன் காப்பாற்றத்தான் வருகிறான் என்று புரிந்த பெரிய குழந்தைகள் மிரளவில்லை. வயது ஏற ஏற, இது நமக்கும் நடக்குமோ என்கிற பயம் வருகிறது.

சின்னக் குழந்தைக்கு விளக்கம் எவ்வளவு உதவும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலான பாம்புகளுக்கு விஷம் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பாம்புக் காட்சியைக் காட்டினால், சின்னப் பிள்ளைகளுக்குப் பயம் அதிகமானதாம். 'விஷம்' என்ற சொல்தான் காதில் நின்றது. ஆகவே மூன்று, நான்கு வயதுக் குழந்தையிடம் வாதம் பண்ணிப் பயனில்லை. மடியில் வைத்துக்கொள்ளுங்கள், வெதுவெதுப்பாகக் குடிக்கக் கொடுங்கள், கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையைப் பக்கத்தில் போடுங்கள். ஆறு, ஏழு வயதுக்கு மேல், முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் விளக்கம் சொன்னால் எடுபடும். 'இவ்வளவு பெரிய பையன் பயப்படலாமா' என்பது மட்டும் எந்த வயதுக்கும் வேண்டாம். பயம் போகாது, சொல்வதுதான் நின்றுபோகும்.

எங்கள் காலத்தில் டூரிங் டாக்கீஸில் 'பாதாள பைரவி' மந்திரவாதியாக வந்த ரங்காராவைப் பார்த்துவிட்டு நாங்கள் நடுங்காத நடுக்கமா? ஆனால் வீட்டுக்கு வந்தால் கூடத்தில் பத்துப் பேர் வரிசையாகப் படுத்திருப்பார்கள். யாராவது ஒரு சித்தி கால்மேல் கால் போட்டுக்கொண்டு தூங்குவாள். அந்தக் கனமே தைரியம். இங்கே ஃபிளாட்டில் இருப்பது அப்பாவும் அம்மாவும்தான். அதில் ஒருவர் திரும்பி வராவிட்டால் என்று குழந்தைக்குத் தோன்றினால், அதன் உலகத்தில் பாதி போனதற்குச் சமம். ஊரிலிருக்கும் தாத்தா, மாமா, அத்தையோடு வாரம் ஒருமுறை வீடியோவில் பேச வையுங்கள். நமக்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று குழந்தைக்குத் தெரியட்டும். சாப்பாடு ஊட்டும்போது பூச்சாண்டியைக் கூப்பிடுகிற வழக்கத்தையும் இப்படிப்பட்ட நாட்களிலாவது ஒதுக்கி வைக்கலாம்.

மாதம் ஒன்று தாண்டியும் தூக்கம் கெட்டு, பள்ளிக்கூடம் போக மறுத்தால், குழந்தை டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

தியேட்டருக்குப் போவதானால் ஓரத்து ஸீட்டாகப் பார்த்து எடுங்கள். சட்டென்று வெளியே வர வசதி. பாதியில் வந்துவிட்டால், வீட்டுக்குத் திரும்பும் மெட்ரோவிலேயே மீதிக் கதையைச் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு முடிவு தெரியவில்லையா? பக்கத்து ஃபிளாட் பையனைக் கேளுங்கள். அவன் அதற்குள் நாலு தடவை பார்த்திருப்பான்.