பழைய கியர் சைக்கிள் இருக்கும்போது புது மவுன்டன் பைக் தேவையா?

வீட்டில் இரண்டு பழைய மவுன்டன் பைக் நிற்கும். ஒன்று கல்லூரி நாளில் வாங்கியது, இன்னொன்று 2020 ஊரடங்கு தளர்ந்த கையோடு வாங்கியது. இரண்டிலும் காற்று இருக்காது. ‘ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி போலாமா?’ என்று நண்பர்கள் கேட்டதும், கை தானாக போனை எடுத்துப் புது மாடல்களைத் தேட ஆரம்பிக்கும். பழசை ரிப்பேர் பார்த்தால் போதுமா, புதுசே வாங்கிடலாமா?

விலைப் பட்டியலைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. எங்கே ஓட்டப் போகிறீர்கள், பழைய சைக்கிளின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதுதான் விஷயம்.

இந்த விளையாட்டே பழைய சைக்கிளில்தான் பிறந்தது. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் கவுண்டி இளைஞர்கள் சிலர் 1930, 40-களில் வந்த கனமான ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலை மண்பாதையில் இறக்கினார்கள். 1976-ல் அங்கே தொடங்கிய பந்தயத்துக்குப் பெயர் ‘ரீபேக்’. ஒரு தடவை கீழே இறங்கி முடிப்பதற்குள் பின் ஹப்பில் இருக்கும் பிரேக் சூடாகி, கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ரவுண்டு. பெயர் வந்த கதை அதுதான். மலைக்கென்றே வடிவமைத்த சைக்கிளை ஜோ பிரீஸ் 1977-ல் செய்தார். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ பெருமளவு தயாரிப்பாகச் சந்தைக்கு வந்தது.

ஒரு அடி ஸ்கேல் போதும்

பழைய சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டியது ஃபிரேம். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடம், பெடல் அச்சைச் சுற்றியுள்ள இடம், சீட் குழாயின் மேல்முனை ஆகிய மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டிங் ஓரத்தில் முடி மாதிரி கோடு தெரிந்து, அது அலுமினிய ஃபிரேமாகவும் இருந்தால், பேச்சே இல்லை, அந்த சைக்கிளுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம். பக்கத்துப் பட்டறையில் பற்ற வைத்தால் ஒட்டிக்கொள்ளும்தான். ஆனால் அந்தச் சூட்டில் சுற்றியுள்ள அலுமினியம் தன் பலத்தை இழந்துவிடும். இரும்பு ஃபிரேம் என்றால், கை தேர்ந்தவரிடம் காட்டிக் கேட்கலாம்.

அடுத்தது செயின். பள்ளிப் பிள்ளையின் ஒரு அடி ஸ்கேலை எடுத்து, ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். புது செயினில் 12 அங்குலக் கோட்டில் சரியாக இன்னொரு பின்னின் நடு வந்து நிற்கும். அது 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயின் மாற்றும் நேரம். 1/8 அங்குலம் தள்ளியிருந்தால் பின்பக்கப் பல்சக்கரமும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். புது செயின் மட்டும் போட்டால் பல்லைத் தாண்டிக் குதிக்கும். இது ஃபிரேம் கீறல் மாதிரி பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. செயின், பிரேக் கட்டை, கேபிள், டயர் எல்லாமே தேய்வதற்கென்றே இருப்பவை. அதற்காக சைக்கிளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஓவராயில் செய்து, சக்கரத்தில் கோட்டம் எடுத்தாலே பாதி சைக்கிள்கள் எழுந்து ஓடும்.

பிரேக் விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கணும். ரிம்மைப் பிடிக்கும் பழைய வி-பிரேக் ஊருக்குள் ஓட்டத் தாராளமாகப் போதும். ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மழை ஈரத்தோடு இறங்கும்போது கதை வேறு. பிரேக் கட்டை உரசி உரசி ரிம்மின் பக்கச் சுவர் உள்வாங்கியிருந்தால், மலைக்குப் போகும் முன் அந்த ரிம்மை மாற்றியே ஆகணும். டிஸ்க் பிரேக் மாட்டிக்கலாமே என்றால், ஃபிரேம், ஃபோர்க், ஹப் மூன்றிலும் அதற்கான இடம் இருக்க வேண்டும். பல பழைய சைக்கிள்களில் இருக்காது.

அப்கிரேடு என்னும் பள்ளம்

பணம் கரைவது பெரும்பாலும் இங்கேதான். ‘பழைய ஃபிரேம் நல்லாத்தானே இருக்கு, நல்ல ஃபோர்க் மட்டும் போடுவோம்’ என்று ஆரம்பிக்கும். பழைய ஃபிரேமின் தலைக்குழாய் பொதுவாக 1⅛ அங்குல நேர்த்தண்டுக்கு உரியது. இன்றைய நல்ல ஃபோர்க்குகள் பெரும்பாலும் அடிப்பக்கம் 1½ அங்குலத்துக்கு அகன்றவை, உள்ளேயே போகாது. 12 கியர் வேண்டுமென்றால், மரையில் திருகும் பழைய ஃப்ரீவீல் ஹப் ஒத்துழைக்காது. ஹப் மாற்றினால் ஸ்போக், பிறகு ஷிஃப்டர், டிரெய்லர் என்று ஒவ்வொன்றாக வரிசை கட்டும். கடைசியில் கூட்டிப் பார்த்தால் புது சைக்கிள் விலை வந்திருக்கும்; கையில் இருப்பது பழைய ஃபிரேம்.

டயரில் அந்தக் கவலை இல்லை. 26 அங்குல மவுன்டன் பைக் டயர் நம்மூர் கடைகளில் இன்னும் சுலபமாகக் கிடைக்கிறது. லேடீஸ் சைக்கிளின் 26 × 1⅜ டயரை மட்டும் வாங்கி வந்துவிடாதீர்கள். இரண்டிலும் 26 என்றுதான் போட்டிருக்கும், ஆனால் மவுன்டன் பைக் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மி.மீ., அதில் 590.

புதுசு எப்போது?

கல்லும் வேரும் நிறைந்த செங்குத்தான பாதையில் அடிக்கடி இறங்கப் போகிறவருக்குப் புதுசு நிஜமாகவே உதவும். காரணம் பெயின்ட்டோ கியர் எண்ணிக்கையோ இல்லை, கோணம். பழைய மவுன்டன் பைக்குகளில் முன் ஃபோர்க் சுமார் 70, 71 டிகிரியில் நிமிர்ந்து நிற்கும். இன்றைய டிரெயில் பைக்குகளில் அது 65 டிகிரிக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கும். முன் சக்கரம் தள்ளி நிற்பதால், இறக்கத்தில் தலைகுப்புறப் போகும் பயம் குறைகிறது. ஹேண்டிலில் ஒரு பொத்தானை அழுத்தினால் சீட் கீழே இறங்கும் வசதியும் அதோடு சேரும். பழைய சைக்கிளில் எத்தனை பாகம் மாற்றினாலும் அந்தக் கோணம் வராது.

அலுவலகம், கடைத்தெரு, கடற்கரைச் சாலை என்று ஓட்டுபவருக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. விலை குறைந்த புது ‘மவுன்டன்’ மாடல்களின் ஸ்பிரிங் ஃபோர்க் அவருக்கு எடையைத்தான் கூட்டும்.

வாங்குவதென்று முடிவானால் ஒரு சின்ன நிம்மதி: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முந்தைய விலை 40,000 ரூபாய் என்றால் 2,800 ரூபாய் மிச்சம். ரிப்பேர் பக்கமும் அதே சலுகை உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டைச் சேர்த்து ஒன்று

இரண்டு பழைய சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஃபிரேம் நன்றாக இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதைப் பாகங்களுக்காகக் கழற்றலாம். சக்கர அளவும் பிரேக் வகையும் ஒன்றாக இருந்தால் சக்கரங்கள் மாறும். சீட் தண்டு மாறுமா என்பது சந்தேகம், 27.2, 30.9, 31.6 மி.மீ. என்று பல அளவு உண்டு, தண்டின் அடியில் பொறித்திருக்கும். பெடல் அநேகமாகப் பொருந்தும். கழற்றும்போது இடது பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ், ஸ்பானரை வலப்பக்கமாகச் சுற்றினால்தான் கழலும்.