எந்தக் கட்டளை நமக்கு? எது புரோகிராமுக்கு?

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்க முடியுமா? விர்ச்சுவல் மெஷின் புரோகிராம் இருந்தால் முடியும். அவற்றில் ஒன்று, பிரான்ஸ் நாட்டின் பேப்ரிஸ் பெல்லார்ட் 2003ல் வெளியிட்ட கியூ-எமு. இலவசமாகக் கிடைக்கிறது.

இதற்குக் கட்டளை தர இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, நாம் டைப் செய்யும் மானிட்டர் விண்டோ. 'இன்போ ஸ்டேட்டஸ்' என டைப் செய்து என்டர் தட்டினால், மெஷின் ஓடுகிறதா, நிற்கிறதா என ஒரு வரியில் பதில் வரும். அடுத்த பதிப்பில் அந்த வரியின் வார்த்தைகள் மாறினாலும் நமக்குப் புரியும். ஆனால் அதைப் படிக்கும் இன்னொரு புரோகிராம் தடுமாறும். எனவே புரோகிராம்களுக்கென கியூ.எம்.பி. என்ற இரண்டாவது வழி உள்ளது. இதில் 'குவெரி-ஸ்டேட்டஸ்' எனக் கேட்டால், பதில் ஜேசன் என்ற நிலையான வடிவில் வரும்.

எல்லாக் கட்டளைகளையும் இதில் சேர்த்துவிடலாமே எனத் தோன்றும். அங்குதான் சிக்கல். சேர்த்த கட்டளையை நினைத்தபடி மாற்ற முடியாது. நீக்குவதென்றால் முன்கூட்டியே அறிவித்து, இரண்டு பதிப்புகள் வரை காத்திருக்க வேண்டும். மெஷினை நிறுத்துவது, சிடியை மாற்றுவது போன்றவை புரோகிராம்களுக்கும் தேவை; எனவே இரண்டு வழியிலும் உண்டு. 'இன்போ ரிஜிஸ்டர்ஸ்', பிழை தேடுபவர் கண்ணால் பார்ப்பதற்கானது. அது மானிட்டரில் இருந்தாலே போதும்.

கியூ-எமு இயங்கும்போது கன்ட்ரோல், ஆல்ட், 2 கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். மானிட்டர் விண்டோ கிடைக்கும்.