குறுக்கே அசையும் மரம்

பேராக்கின் தெற்கெல்லையில், பெர்னாம் ஆற்றங்கரையில் உள்ளது ஹுத்தான் மெலிந்தாங். மலாய் மொழியில் ஹுத்தான் என்றால் காடு. மெலிந்தாங் என்றால் குறுக்கே கிடப்பது. வெட்டிய மரமும் குறுக்கேதான் அசைகிறது.

ஈரம் ஏறினால் பலகை விரியும், குறைந்தால் சுருங்கும். நார் ஓடும் நீளவாட்டில் இம்மாற்றம் கண்ணுக்குப் புலப்படாது, அகலவாட்டில் புலப்படும். அகத்தே வயிரம் உடையது மரம் என்பது தொல்காப்பிய மரபியல். வயிரமும் இவ்வசைவுக்கு விலக்கன்று. ரப்பர் மரத்திலோ வயிரமும் வெளிறும் பிரிந்து தோன்றா. மரபியலார் அதனை எதில் சேர்ப்பாரோ! எனினும் சுருக்கத்தில் அது அடக்கமானது. பச்சை மரம் காற்றில் உலரும்போது, மையத்திலிருந்து பட்டை நோக்கி 0.8 விழுக்காடும், தண்டைச் சுற்றிய திசையில் 1.9 விழுக்காடும் சுருங்கும்.

தமிழ்நாட்டில் கோடையில் தளர்ந்திருந்த கதவு ஐப்பசி மழையில் நிலையோடு இறுகிக்கொள்ளும். பேராக்கின் கடலோரத்தில் அத்தகைய நெடுவறட்சி இல்லை. அங்கே மரத்தின் ஈரம் ஏறத்தாழ 16 விழுக்காட்டில் நிற்கும். ஆனால் இன்று வீட்டுக்குள்ளேயே வேறொரு பருவம் உண்டு. குளிர்சாதனம் இடைவிடாது ஓடும் அறையில் அவ்வீரம் 12 விழுக்காட்டளவுக்கு இறங்கும். ஈரம் 1 விழுக்காடு குறைந்தால் அகலம் கால் விழுக்காடு குறையும் என்று தோராயமாகக் கொண்டால், 150 மில்லிமீட்டர் பலகை ஒன்றரை மில்லிமீட்டர் சுருங்கும். வீட்டுக்காரர் தச்சரைப் பழிக்க அவ்வளவு போதும்.

கதவு நிலையைச் சுற்றியுள்ள அழகுச் சட்டங்களை மூலையில் 45 பாகை சாய்த்து இணைப்பது வழக்கம். உலரும்போது சட்டத்தின் அகலம் குறையும், நீளம் குறையாது. ஆகவே சாய்வின் அளவு மாறிவிடும். வெளிமுனை ஒட்டியிருக்க உள்மூலை பிளக்கும். ஈரம் ஏறினால் வெளிமுனை விலகும். பசையும் ஆணியும் கொண்டு இறுக்கித் தடுத்தால் பலகையே வெடிக்கக்கூடும். சட்டம் அகன்றதாயின் இடைவெளியும் பெரிதாகும். அங்கே சாய்வுப் பொருத்தைக் கைவிட்டு, நிற்கும் சட்டங்களின் தலைமேல் குறுக்குச் சட்டத்தை அமர்த்துவதே நன்று.

கதவின் நடுப்பலகைக்குப் பழந்தச்சர் கண்ட வழி இன்னும் எளியது. சட்டத்தில் காடி எடுத்து, பலகையைப் பசையிடாமல் அதனுள் செருகினர். காடிக்குள் விட்ட சிறு இடத்தில் பலகை விரிந்து சுருங்கும், கதவு குலையாது. பலகைக்கு வண்ணத்தைச் செருகுமுன்பே பூசவேண்டும். இல்லையேல் சுருங்கும் நாளில் ஓரத்தில் வெறுமரம் கோடாகத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, வாங்கிய பலகைகளை அவை பொருந்தப்போகும் அறையிலேயே, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, குளிர்சாதனத்தை வழக்கம்போல் ஓடவிட்டு, இரண்டொரு வாரம் கிடத்தவேண்டும். அதன் பின்னரே அளவெடுக்கவேண்டும்.