புள்ளிக்குப் பின்னால் ஓர் ஒன்று

திருத்தணியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் புது டிவி வாங்கக் கடைக்குப் போயிருந்தோம். ஆறாம் வகுப்புப் படிக்கும் அவள் மகளும் கூட வந்தாள். பெட்டிகளில் அச்சிட்டிருந்த ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவள், ‘5.1 ஹோம் தியேட்டர்’ என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

“மாமா, 5.1ன்னா அஞ்சு ஸ்பீக்கரும், பத்துல ஒரு பங்கு ஸ்பீக்கருமா?”

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் சொன்னது கிட்டத்தட்டச் சரி!

“சாயங்காலம் மலைக்குப் போறோம்ல பாப்பா, அங்க வெச்சு சொல்றேன்.”

தணிகை மலைப் படிகள் மொத்தம் 365, வருடத்தின் நாளுக்கு ஒன்று என்று கணக்கு. பாதி ஏறியதும் உட்கார்ந்தோம்.

“கண்ணை மூடிக்கோ. சத்தம் எங்கிருந்து வருதோ அங்கே கையைக் காட்டு.”

முன்னால் ஒரு பாட்டி “அரோகரா” என்று சொல்லிக்கொண்டே ஏறினார். விரல் நேராக நீண்டது. இடப்பக்க மரத்தில் குரங்கு கிளையை உலுக்கியது. விரல் அங்கே போனது. பின்னால் ஊருக்குள் பஸ் ஹார்ன், மேலே கோயில் மணி. எல்லாவற்றையும் சரியாகக் காட்டினாள். அப்போது ஆந்திரப் பக்கம் கட்டியிருந்த மேகத்தில் மெல்ல இடி உருண்டது. விரல் அங்குமிங்கும் அலைந்தது.

“இது மட்டும் எல்லாப் பக்கமும் கேக்குது மாமா!”

காரணம் நம் தலைதான். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. இடப்பக்கச் சத்தம் இடக் காதை முதலில் தொடும். வலக் காதுக்குப் போக, தலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி, நொடியை 1,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட இல்லை. அதை வைத்தே மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. கீச்சென்ற சத்தமாக இருந்தால் தலை அதைக் கொஞ்சம் மறைக்கவும் செய்கிறது. தூரத்துக் காதில் அது மெதுவாகவே கேட்கும்.

ஒலி என்பது அதிர்வு. நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதை ஹெர்ட்ஸ் என்ற அளவால் சொல்கிறோம். நம் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை எவ்வளவு நீளம் தெரியுமா? 340-ஐ 40-ஆல் வகுத்துப் பாருங்கள்: எட்டரை மீட்டர்! அவ்வளவு பெரிய அலைக்கு நம் தலை ஒரு தடையே இல்லை. இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி விழுவதால் திசை பிடிபடுவதில்லை.

இப்போது 5.1-க்கு வருவோம். டிவிக்கு நேர்கீழே நடு ஸ்பீக்கர். பேச்சு பெரும்பாலும் இதில்தான் வரும். அதற்கு இடமும் வலமும் இரண்டு. நாம் உட்காரும் இடத்துக்கு இரு பக்கமும், சற்றே பின்னால், இன்னும் இரண்டு. ஆக ஐந்து. இடியும் யானை நடையும்போல அடி அதிரும் ஒலிகளுக்கு சப்வூஃபர் என்ற தனிப் பெட்டி. அதன் திசை நமக்குத் தெரியாது என்பதால் அதை அறையின் மூலையில்கூட வைக்கலாம்.

சப்வூஃபரையும் சேர்த்து ஏன் ஆறு என்று எண்ணவில்லை? மற்ற ஐந்துக்கும் 20,000 ஹெர்ட்ஸ் வரை வேலை உண்டு. சப்வூஃபருக்கென்று பதிவு செய்த ஒலியோ 120 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. முழு வேலையில் இது 1,000-ல் 6 பங்குதான். ‘5.1’ என்று பெயர் வைத்தவர் அமெரிக்க ஒலி வல்லுநர் டாம்லின்சன் ஹோல்மன். அந்தச் சின்னப் பங்கைப் பத்தில் ஒன்று என்று பெரிதாக்கிச் சொன்னார். நம் பாப்பா சொன்னதும் அதேதானே!

சில பெட்டிகளில் 5.1.2 என்று இருக்கும். கடைசி இரண்டு, மேலிருந்து வரும் ஒலிக்கு. நம் கோயில் மணிக்கு! டால்பி அட்மாஸ் என்பது இப்படி உயரத்தையும் சேர்த்த முறை. 2012-ல் திரையரங்குகளுக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘சிவாஜி’ படத்தின் 3டி வடிவம் இந்த ஒலியோடு வெளியானது. ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்தா என்று நமக்குச் சொல்லித் தருவது காது மடலின் மடிப்புகள்.

இருட்டத் தொடங்கியது. கீழே ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

“டிவி படமும் இப்படித்தான் பாப்பா, புள்ளிகள்.”

கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல, ஃபுல் எச்டி திரையில் வரிசைக்கு 1,920 புள்ளிகள், 1,080 வரிசைகள். மொத்தம் 20,73,600. 4கே டிவியில் 3,840 புள்ளிகள், 2,160 வரிசைகள். மொத்தம் 82,94,400. சரியாக நான்கு மடங்கு! ஆனால் 4கே என்ற பெயர் வந்தது அந்த நான்கு மடங்கால் அல்ல. வரிசையில் ஏறக்குறைய 4,000 புள்ளிகள் இருப்பதால். 1080 என்பது மேலிருந்து கீழே எண்ணியது, 4கே குறுக்கே எண்ணியது. எண்ணும் திசையையே மாற்றிவிட்டார்கள்.

டிவிப் பெட்டியில் இருக்கும் இன்னொரு சொல் எச்டிஆர். இது புள்ளிகளின் எண்ணிக்கை அல்ல. ஆடிக் கிருத்திகையின்போது திருத்தணிக் கோயில் குளமான சரவணப் பொய்கையில் தெப்பம் மிதப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்குச் சரம் பளீரென்று இருக்கும், கறுத்த தண்ணீரில் சிற்றலையும் தெரியும். சாதாரணத் திரையில் ஒன்று வெளுத்துப்போகும், இல்லை மற்றது கறுத்துப்போகும். இரண்டையும் காப்பாற்றுவதுதான் எச்டிஆர்.

டிவிப் பெட்டியிலும் 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். அது ஒலி அல்ல. திரை நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்று பொருள்.

கடைசியாக ஒரு சொல், ‘ஆடியோ டிராக்’. அதைத் திருத்தணிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் கேட்கும் ஊர் அது. ஒரே படத்தோடு இரண்டு மொழி ஒலிகளையும் தனித்தனியாக வைத்திருப்பார்கள். நீங்கள் தேர்ந்தெடுப்பது மட்டும் ஒலிக்கும்.

செய்து பாருங்கள்: ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடுவில் உட்காருங்கள். சுற்றி நிற்பவர்கள் ஒவ்வொருவராகச் சொடக்குப் போடட்டும். திசை சொல்லுங்கள். பிறகு ஒரு காதைப் பொத்திக்கொண்டு சொல்லுங்கள். அடுத்து, காது மடல்களை வளைத்துப் பிடித்துக்கொண்டு, சத்தம் மேலிருந்தா கீழிருந்தா என்று சொல்லிப் பாருங்கள். தவறுகளை எண்ணி எழுதுங்கள். காதின் எந்தப் பகுதிக்கு என்ன வேலை என்று அதிலேயே தெரிந்துவிடும்.

மறுநாள் டிவி வந்தது. வயர் கண்ணில் படக்கூடாது என்று என் மைத்துனர் ஐந்து ஸ்பீக்கர்களையும் டிவிக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கினார். அவள் ஓடி வந்து இரண்டைத் தூக்கிக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போனாள்.

“அப்பா, பஸ் ஹார்ன் பின்னாடிதான் கேக்கணும்!”